லாபம், ஒண்ணு, ரெண்டு

படாளத்தில் நான் இருக்கிற மாடி வீடு நான் கட்டியது. கல்பாக்கம் போகிற வழியில் ஒரு தரைப்பாலம் இருக்கிறது. இரண்டு மழைக்கு இரண்டு முறை அடித்துக்கொண்டு போனதை மூன்றாம் முறை நிற்க வைத்தவன் நான். பொத்தேரியில் பிள்ளைகள் தங்குகிற விடுதிகளில் ஏழுக்கு அஸ்திவாரப் பள்ளம் எடுத்தது என் பொக்லைன். அதில் ஒன்றில் பத்தடியில் பாறை வந்து, படித்த என்ஜினீயர் வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனார். நான் போகவில்லை. மதுராந்தகம் பக்கம் மூன்று ஏரிக்கரைகளைப் பலப்படுத்தியிருக்கிறேன். ஏழாம் வகுப்பு அரைப் பரீட்சையோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது, அல்லது நான் அதை விட்டுவிட்டேன். அன்றைக்குக் கையில் இருந்தது ஒரு மண்வெட்டி, அதுவும் இரவல். இன்றைக்கு இரண்டு பொக்லைன், நாலு டிப்பர், ஒரு ரோடு ரோலர். எவரும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. உனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்ட அதிகாரிகளே பிறகு என் கையெழுத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்கள்.

இதெல்லாம் ஒரு பக்கம். மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பிள்ளைகள் ஓடுகிற நானூறு மீட்டர் டிராக்கைப் போட்டவன் நான். சப்பாத்திக்கள்ளியும் ஓணானும் மட்டும் இருந்த மணல்மேடு அது. அந்த டிராக்கில் ஓடிய பிள்ளைகள் ஊர் ஊராகப் போய்க் கோப்பை வாங்கி வந்தார்கள்.

இப்போது மைதானத்து வாசலில் ஒரு கருங்கல் பலகை வைக்கப் போகிறார்கள். இந்த விளையாட்டுத் துறையை உருவாக்கியவர்கள் என்று அதில் பதினோரு பெயர். என் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று அவர்கள் சொன்னார்கள், எனக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டேன், இன்னும் கொஞ்சம் குழம்பினேன். எழுதிப் பார்த்தால் தெளியுமோ என்றுதான் எழுதுகிறேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநர் என்னைத் தேடி வந்தார். பிள்ளைகள் அவரை பி.டி. சார் என்பார்கள். தெற்கத்திக்காரர், நல்ல உயரம், கழுத்தில் விசில். யாரைப் பார்த்தாலும் அண்ணாச்சி என்பார். காபி குடித்து முடித்ததும் முகத்தைக் கனமாக வைத்துக்கொண்டு சொன்னார்:

"அண்ணாச்சி, இந்த மைதானத்தைக் குறிச்சு எனக்கு ரொம்ப நாளா ஒரு பாரம் இருக்கு."

"எத்தினி டன்னு சார்?"

"என்னது?"

"பாரம்னீங்களே. ஒரு லோடா, ரெண்டு லோடா? எங்க எறக்கணும், சொல்லுங்க."

அவர் சிரித்த சிரிப்பில் என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மனசுல உள்ள பாரம் அண்ணாச்சி. ஜெபத்துல வந்தது."

"அத்த எறக்க எங்கிட்ட வண்டி இல்ல சார்" என்றேன். ஆனாலும் வேலையை ஒப்புக்கொண்டேன்.

அன்று தொடங்கிய குழப்பம் இது. அவர்கள் பேசுவதும் தமிழ்தான், நான் பேசுவதும் தமிழ்தான். ஆனால் ஒரே சொல் அவர் வாயிலிருந்து கிளம்பி என் காதுக்கு வருவதற்குள் வேறு சரக்காகிவிடும். விளையாட்டு ஊழியம் என்பார். ஊழியம் என்றால் கூலிக்குச் செய்கிற வேலை என்று நான் நினைத்திருந்தேன். அவரோ அதைச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். பிள்ளைகள் விடியும்முன் எழுந்து ஜெபம் செய்வார்கள், பிறகு ஓடுவார்கள். பந்தயத்துக்கு முன்னால் வட்டமாக நின்று கைகோத்துத் தலையைக் குனிவார்கள். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"எதிர் டீமும் வேதக்காரப் பசங்கதானே சார்? அவங்களும் கும்புடறாங்க. அப்ப அவரு யாருக்குத்தான் குடுப்பாரு?"

"ஜெயிக்கணும்னு நாங்க கேக்கதில்ல அண்ணாச்சி. நல்லா ஓடணும்னுதான் கேக்கோம்."

"அப்புறம் எதுக்கு சார் கையில ஸ்டாப் வாட்ச்?"

அவர் என் தோளில் தட்டினார். தட்டியதற்கு என்ன அர்த்தம் என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன்.

டிராக் போட்ட கதைக்கு வருகிறேன். கடற்கரை மணலில் டிராக் நிற்காது என்று மூன்று பேர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் முழங்கால் ஆழத்துக்கு மணலை அள்ளி எறிந்தேன். அடியில் கருங்கல் ஜல்லி, அதன் மேல் கிராவல், அதன் மேல் சலித்த செம்மண்ணும் செங்கல் பொடியும் கொஞ்சம் களிமண்ணும். காலையில் காற்று எழும்புமுன் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டவேண்டும். பத்து மணிக்கு மேல் தெளித்தால் தண்ணீர் பாதி மண்ணுக்கு, பாதி காற்றுக்கு. எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. மண்ணைக் கையில் பிடித்து உருட்டிப் பார்த்து, விட்டால் எத்தனை துண்டாக உடைகிறது என்று பார்த்துச் செய்தேன்.

பிறகு அளவு. டிராக் என்றால் இரண்டு நேர்ப்பக்கம், இரண்டு வளைவு. வளைவை பி.டி. சாரே நடுவில் முளை அடித்துக் கம்பி கட்டிச் சுற்றி வரைந்தார். நேர்ப்பக்கம் எண்பத்து நாலு மீட்டரும் அதற்கு மேல் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவும் வரவேண்டும். அவர் கொண்டுவந்தது துணி டேப்பு. கடல்காற்றில் அது பாய்மரம் மாதிரி தொப்பை போட்டது. இழுத்துப் பிடித்தால் நீள்கிறது, விட்டால் வளைகிறது.

"இத்த நம்பி கோடு போட்டா பசங்க பாவம் சார்" என்று சொல்லிவிட்டு, முறுக்குக் கம்பி இரண்டை மிகச் சரியாக ஒரு மீட்டருக்கு அறுத்தேன். முனையை அரத்தால் தேய்த்தேன். ஒன்றின் முனையில் மற்றொன்றை வைத்து, முன்னதை எடுத்து அடுத்து வைத்து, நேராக இழுத்துக் கட்டிய கயிற்று ஓரமாகக் குனிந்தபடியே போகவேண்டும். கம்பி தொப்பை போடாது.

கம்பி வைப்பது நான். எண்ணுவது என் மனைவி. அவளைக் கூட்டிப்போனதற்குக் காரணம் உண்டு. அவள் சின்ன வயசிலிருந்து களத்தில் நெல் அளந்தவள். பக்கத்தில் நாலு பேர் சண்டை போட்டாலும் அவளுக்கு எண்ணிக்கை தப்பாது. எங்கள் பக்கம் களத்தில் மரக்கால் போடும்போது முதல் மரக்காலை ஒண்ணு என்று சொல்ல மாட்டார்கள். 'லாபம்' என்பார்கள். அடுத்தது ரெண்டு, அடுத்தது மூணு. லாபம் என்று வாய் திறந்தால் களம் நிறையும் என்று ஒரு நம்பிக்கை. லாபம் என்பதே ஒண்ணுதான்.

போகும்போதே அவளிடம் சொன்னேன்: "இது நெல்லு இல்லமே. அவங்க எடம், மீட்டர் கணக்கு. லாபம் கீபம்னு ஆரம்பிச்சுடாத. ஒண்ணுன்னு எண்ணு."

"எனக்கு எண்ணத் தெரியாதா? நீ கம்பிய நேரா வை, அது போதும்."

முதல் கம்பியை வைத்தேன். அவள் வாயிலிருந்து தன்னால் வந்தது: "லாபம்."

நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டாள். குனிந்து இரண்டாவது கம்பியை வைத்தேன். அவள் ஏதோ சொன்னாள். காற்று அடித்துக்கொண்டிருந்தது, என் கண் கம்பி முனையில் இருந்தது. அவள் சொன்னது ரெண்டா, ஒண்ணா?

இந்தக் கேள்வி அன்றைக்கு என் மனசில் ஒரு நொடி வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வந்தது. ஆனால் அதற்குள் அவள் மூணோ ரெண்டோ சொல்லிவிட்டாள், கம்பி ஓடிக்கொண்டிருந்தது, நானும் ஓடினேன். எண்பத்து நாலில் நிறுத்தி மிச்சத்தை விரலால் அளந்து முளை அடித்தோம். எதிர்ப்பக்கத்துக்கு அதே நீளத்துக்கு நைலான் கயிறு வெட்டி வைத்தேன். மூலைக்கு மூலை பார்த்தால் இரண்டும் சமம். பி.டி. சார் திருப்திக்குத் துணி டேப்பை ஒருமுறை போட்டுப் பார்த்தார். எண்பத்தைந்தரை காட்டியது.

"தொப்பைய அளக்குது சார் அது. கம்பிய நம்புங்க."

நம்பினார். நான் அப்படிச் சொன்னால் யாரும் நம்புவார்கள்.

வேலை முடிந்ததும் ஓர் அழைப்பிதழ் வந்தது. 'மைதானப் பிரதிஷ்டை' என்று போட்டிருந்தது. வேதக்காரர்கள் மைதானத்தில் என்ன சிலை வைக்கிறார்கள் என்று எனக்கு ஆச்சரியம். தலை முழுகி, தேங்காய், கற்பூரம், ஆளுயர மாலை எல்லாம் வாங்கிக்கொண்டு போனேன். மேடை இருந்தது, மைக் இருந்தது, சிலையைக் காணோம்.

"எந்தச் சாமி சார்? எங்க வெக்கறீங்க?"

"சிலையெல்லாம் இல்ல அண்ணாச்சி. இந்த மைதானத்தையே ஆண்டவருக்குக் கொடுத்திருதோம்."

"பட்டா மாத்தியாச்சா?"

பக்கத்தில் நின்ற இரண்டு பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். பி.டி. சார் மாலையை வாங்கி என் கழுத்திலேயே போட்டுவிட்டார். தேங்காயை விடுதி சமையலறைக்குக் கொடுத்தேன். அன்று காலை யாரும் வருமுன் ரோலர் சக்கரத்தின் கீழே நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியதை அவர்களிடம் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு வாரத்தில் ஒருநாளாவது போய்ப் பார்ப்பேன். என் மண் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான். ஆனால் கண் மண்ணை விட்டுப் பிள்ளைகள் மேல் போய்விடும். எண்ணூறு மீட்டர் ஓடுகிற ஒரு பெண் இருந்தாள். அவளுடைய அப்பா கல்பாக்கத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகிற பஸ்ஸின் டிரைவர். மெலிந்த உடம்பு, ஓடும்போது மட்டும் யாரோ பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி இருக்கும். மண்டல அணிக்குத் தேர்வு எங்கள் டிராக்கில்தான் நடக்கும். இத்தனை நிமிஷத்துக்குள் ஓடினால் எடுப்போம் என்று ஒரு கணக்கு. இரண்டு வருஷம் அந்தப் பெண் அதைத் தவறவிட்டாள். இரண்டாவது முறை தவறவிட்டது அரை செகண்டில். ஆனால் வேறு ஊரில் சின்னப் போட்டிக்குப் போனால் அந்த நேரத்துக்குள் சுலபமாக வந்துவிடுவாள்.

அவள் மட்டும் இல்லை, எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். சொந்த டிராக்கில் மெதுவாக ஓடினார்கள், வெளியே போனால் பறந்தார்கள். பி.டி. சாருக்குத் தலை வெடித்தது.

"கடக்காத்துதான் சார்" என்பேன் நான்.

"மச்சான், என் வாட்ச் எப்பவுமே ரெண்டு மீட்டர் ஜாஸ்தி காட்டுதுடா" என்று, ஓடின தூரத்தைக் காட்டுகிற வாட்ச் கட்டியிருந்த ஒரு பையன் ஒரு சுற்று முடித்துவிட்டுச் சொன்னது என் காதில் விழுந்தது. "சைனா மாலு, தூக்கிப் போடு" என்றான் கூட ஓடியவன். நானும் அதைத்தான் நினைத்தேன். நினைத்தேனா, நினைக்க ஆசைப்பட்டேனா, இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இந்த வருஷம் பி.டி. சார் போன் செய்தார்.

"அண்ணாச்சி, வர்ற புதன்கிழமை சேப்பல்ல வந்து நீங்க ஒரு சாட்சி சொல்லணும்."

நான் ஒருமுறை சாட்சி சொன்னவன். செங்கல்பட்டு கோர்ட்டில், ஒரு வரப்புத் தகராறில். மூன்று நாள் காத்திருந்து, கூண்டில் ஏறி, வக்கீல் கேட்ட கேள்வியில் என் அப்பா பெயரையே மாற்றிச் சொல்லிவிட்டு வந்தேன்.

"எத்தினி மணிக்கு சார்?" என்று மட்டும் கேட்டேன். யார் வழக்குப் போட்டது என்று கேட்டால் நானே மாட்டிக்கொள்வேன் என்று தோன்றியது.

"பத்து மணிக்கு. அஞ்சு நிமிஷம்தான். டிராக்கைப் பத்தி உள்ளதை உள்ளபடி சொன்னாப் போதும். பிள்ளைங்க எல்லாரும் கேக்கணும்."

உள்ளதை உள்ளபடி என்றால், அவர்களுக்கு ஏதோ தெரிந்துவிட்டது. வீட்டுக்குள் போய் மனைவியிடம் கேட்டேன்.

"இன்னாமே, அன்னிக்கு கம்பி வெக்கும்போது லாபம்னியே, அதுக்கப்புறம் இன்னா சொன்ன?"

"ரெண்டுன்னேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"எட்டு வருஷம் கழிச்சு யோசிக்கச் சொல்றியே, உனக்கு இன்னாய்யா ஆச்சு? நேத்து சாப்ட்டது உனக்கு ஞாபகம் கீதா?"

"கோர்ட்ல நிக்கப்போறவன் நான்மே!"

"நான் வந்து நிக்கறேன். நீ நின்னா உங்கப்பன் பேரயே மாத்துவ."

புதன்கிழமை நான் மட்டும்தான் போனேன். கையில் அந்த ஒரு மீட்டர் கம்பி, வேட்டித் துணியில் சுற்றி. சான்று வேண்டுமே.

சேப்பல் என்பது பெரிய மண்டபம். பெஞ்சு நிறையப் பிள்ளைகள். எனக்கு முன்னால் ஒரு கூடைப்பந்துப் பையனைக் கூப்பிட்டார்கள். முட்டி போய்விட்டது, இனி ஆட முடியாது என்றார்கள், ஜெபம் செய்தேன், இப்போது ஆடுகிறேன் என்று சொன்னான். எல்லாரும் ஆமென் என்றார்கள். யாரும் எழுந்து குறுக்கு விசாரணை செய்யவில்லை. இந்தப் பையன் மேல் என்ன வழக்கு, எதிர்க்கட்சி எங்கே என்று நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

அடுத்து நான். மைக் முன்னால் போய்த் துணியைப் பிரித்தேன். கம்பி வெளியே வந்ததும் முதல் வரிசை கொஞ்சம் பின்னால் சாய்ந்தது.

"ஐயா, அம்மா, எல்லாருக்கும் வணக்கம். இதான் அந்தக் கம்பி. யாரு வேணா அளந்துக்குங்க, ஒரு மீட்டர், மயிரிழை கூட இல்ல, கொறைய இல்ல. இந்தக் கம்பியிலதான் டிராக்க அளந்தேன். மண்ணுல நான் ஏமாத்துல. ஜல்லில ஏமாத்துல. சந்தேகம் இருந்தா தோண்டிப் பாருங்க."

"ஆமென்!" என்றது பின்னால் ஒரு குரல். சிரிப்பு. நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் சத்தியத்துக்கு நிற்க வந்துவிட்டுப் பாதியை முழுங்கினால் அது எப்படிச் சாட்சியாகும்?

"ஒண்ணே ஒண்ணுதான். எண்ணுனது என் சம்சாரம். மொத கம்பிக்கு லாபம்னு சொல்லிட்டாங்க. எங்க ஊர்ப் பழக்கம். அடுத்த கம்பிக்கு ரெண்டுன்னாங்களா ஒண்ணுன்னாங்களா, எனக்குக் கேக்கல. கேக்காமயே கோடு போட்டுட்டேன். அவங்க மேல கேஸு வேணாம். போட்டா எம்மேல போடுங்க."

ஆமென் வரவில்லை. பிள்ளைகள் புரியாமல் பார்த்தார்கள். மேடையில் பி.டி. சார் மட்டும் மெதுவாக எழுந்தார். என் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போனார்.

"அண்ணாச்சி, ஆண்டவர் உங்களைக் கொண்டு எவ்வளவு நல்ல டிராக் போட்டாருன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அதுக்குப் பேருதான் சாட்சி."

"கேஸு இல்லியா?"

"இல்ல அண்ணாச்சி. ஆனா நீங்க இப்ப சொன்னியள்லா... லாபம் போக ஒண்ணா, இல்ல லாபமே ஒண்ணா?"

"அதான் சார் எனக்கே தெரில."

அன்று மதியமே இரும்பு டேப்பு வந்தது. நேர்ப்பக்கம் ஒவ்வொன்றும் மிகச் சரியாக ஒரு மீட்டர் கூட. ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர். எண்ணூறுக்கு நாலு மீட்டர். எட்டு வருஷமாகப் பிள்ளைகள் நானூற்றிரண்டு ஓடிவிட்டு நானூறுக்கு நேரம் வாங்கியிருக்கிறார்கள். பி.டி. சார் டிராக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அது எனக்குத் தெரிந்த பாஷை.

சாயங்காலத்துக்குள் அளவைச் சரிசெய்து புதுக் கோடு போட்டார்கள். அப்போது அந்த டிரைவர் மகள் வந்தாள். கடைசி வருஷம் படிக்கிறாள்.

"தாத்தா, அது நீங்கதானா?"

"இன்னாம்மா?"

"அந்த ரெண்டு மீட்டரு."

"நாந்தாம்மா."

"போன வருஷம் அரை செகண்டுல போச்சு எனக்கு. போன்ல சொன்னதும் எங்கப்பா பஸ்ஸ ஓரங்கட்டிட்டு அழுதாரு. பஸ் ஃபுல்லா ஆபீசருங்க, எல்லாரும் வாட்சப் பாத்துகினு இருந்தாங்களாம்."

அவள் குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

"ஆனா வெளியூர்ல ஓடும்போது கடசில எனக்கு மூணு ஸ்டெப்பு மிச்சம் இருக்கும் தாத்தா. எல்லாரும் அங்கதான் விழுவாங்க, நான் விழ மாட்டேன். எங்கேர்ந்து வருதுன்னு தெரியாம இருந்துச்சு."

"அப்ப நல்லதுதானேம்மா?"

"தெரில. உங்களத் திட்டணுமா, தேங்க்ஸ் சொல்லணுமா? ரெண்டும் ஒண்ணா வருது."

சொல்லிவிட்டு ஓடப் போய்விட்டாள். புதுசாகப் போட்ட கோட்டில்தான் ஓடினாள். நான் பழைய கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த வருஷத் தேர்வில் அவளை அணிக்கு எடுத்துக்கொண்டார்கள். அதற்கு நான் சந்தோஷப்படலாமா கூடாதா என்பதையும் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீ மொறச்சய்யா. லாபம்னு சொன்னதுக்கு மொறச்ச. நான் பயந்துபோய், சரி மொதல்லேர்ந்து எண்ணுவோம்னு ஒண்ணுன்னேன்."

"அன்னிக்கு ரெண்டுன்னு சொன்னேன்னியே!"

"நீ கேட்ட கேள்விக்கு அப்டிதான் சொல்லணும்."

ஆக, தப்பு அவள் எண்ணிக்கையிலா, என் முறைப்பிலா? இதையும் இன்னும் தீர்க்க முடியவில்லை.

பிறகு பல்கலைக்கழகம் ரப்பர் டிராக் போட முடிவு செய்தது. வெளிமாநிலத்துக் கம்பெனி, லேசர் வைத்து அளக்கிற ஆட்கள். நான் போய்ப் பார்த்தேன். மேலே இருந்த செம்மண்ணை நாலு விரல் கனத்துக்குச் சுரண்டி எடுத்தார்கள். அடியில் இருந்த என் ஜல்லியையும் கிராவலையும் சோதித்துப் பார்த்து, இது கிடக்கட்டும், இதைவிட நன்றாக எங்களால் போட முடியாது என்று விட்டுவிட்டார்கள். அதன் மேலேதான் அவர்கள் தாரும் ரப்பரும். மேலே ரப்பர், கீழே நான்.

அதற்கப்புறம்தான் கல் விஷயம் தெரிந்தது. மாமல்லபுரத்தில் சிற்பிப் பட்டறையில் கல் கிடந்தது. போய் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தேன். வேந்தர், பணம் கொடுத்தவர்கள், வரைபடம் போட்டவர், ஜெபம் செய்தவர், பி.டி. சார், பதினோரு பேர். கீழே, 'எல்லா மகிமையும் ஆண்டவருக்கே.'

நேராக பி.டி. சாரிடம் போனேன்.

"என் பேரு எங்க சார்?"

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. பழைய டிராக் இப்ப இல்லியே. அதுவுமில்லாம, மகிமை நமக்கு இல்ல. நாமெல்லாம் வெறும் பாத்திரம்."

"பாத்திரம்னாலும் பேரு வெட்டித்தானே சார் வெப்பாங்க? எங்க வூட்டு குண்டான்ல கூட என் பேரு கீது."

அவர் சிரிக்கவில்லை.

"சார், மகிமை பூரா அவருக்குன்னா, பதினோரு பேரு எதுக்கு? பதினோரு பேருக்கு எடம் இருக்குன்னா, பன்னெண்டாவதுக்கு ஏன் இல்ல? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க, நான் போய்டறேன்."

அவர் கீழே பார்த்தார். அவர் நல்ல மனுஷன். அவருக்கும் இது தெளிவாக இல்லை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "மேலிடத்துல பேசிப் பாக்கேன்" என்றார். இரண்டு மாசம் ஆகிறது. ரெண்டு மீட்டர் விஷயம் வெளியே வந்தபிறகு என் பெயரைப் போட்டால் ஒரு மாதிரியாக இருக்கும் என்று அங்கே யாரோ சொன்னதாகக் காதில் விழுகிறது.

அதனால் இதை அவர்களுக்கே சொல்கிறேன். அந்தப் பிள்ளைகள் வாங்கின கோப்பைகள் ஆண்டவர் கொடுத்தது என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு வழி இல்லை. ஆனால் அந்த இரண்டு மீட்டர் அவர் போட்டது இல்லை. அதை நீங்களே அவர் தலையில் கட்டமாட்டீர்கள். அது நான் போட்டது. ஒரு பெண்ணுக்கு அரை செகண்டு போனது என்னால். அவளுக்கு மூன்று எட்டு மிச்சம் வந்ததும் என்னால். நல்லதைப் போட மனசில்லை என்றால் தப்பையாவது போடுங்கள், அதற்குக் கீழே என் பெயரைப் போடுங்கள்.

சிற்பியைக் கேட்டுவிட்டேன். மகிமைக்கும் பதினோராவது பெயருக்கும் நடுவில் நாலு விரல் இடம் இருக்கிறது, ஒரு வரி தாராளமாக வெட்டலாம் என்கிறார். என்ன வெட்டவேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: அடிமண் போட்டு அளந்தவர், படாளத்துக்காரர், இன்னார், எண்ணியவர், அவர் மனைவி. கல் வாசலுக்கு வருவதற்கு முன்னால் அந்த வரி அதில் இருக்கவேண்டும்.